திம்மராயன் கொல்லையின் நாலு கல்

வெங்கடம்மாளுக்கு மூக்குமேல் கோபம் என்பார்கள் மூக்கண்டப்பள்ளியில். சொன்னவர்கள் வாயில் மண்ணைப் போட. இரண்டரை ஏக்கர் கேழ்வரகுக் கொல்லையைப் பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் பூட்டி வைத்திருந்தால் அவர்களுக்குக் கோபம் எங்கே வந்திருக்குமோ.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்தது. சிப்பாய்கள் தங்கக் கொட்டாய் கட்டணும், சண்டை முடிந்ததும் நிலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம் என்று பட்டாவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். புருஷன் திம்மராயன் வாயில்லாப் பூச்சி. லாரி ஏறி உடைத்துவிடுமே என்று நாலு மூலையிலும் இருந்த சர்வே கல்லைக் கடப்பாரையால் நெம்பி, வண்டியில் ஏற்றி, மாட்டுக்கொட்டகைக்குள் வைத்தான். பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி ஒரு பிடி சோறு படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கொல்லை போன பிறகும் படையல் நிற்கவில்லை. கல் வீட்டில் இருக்கும்வரை கொல்லை எங்கேயும் போகாது என்று நம்பினான் அந்தப் பைத்தியக்காரன்.

சண்டை முடிந்தது. பட்டாளம் போனது. வெள்ளைக்காரனே கப்பலேறிப் போய்விட்டான். கொட்டாயில் தொங்கிய பூட்டு மட்டும் அசையவில்லை. நம்ம சர்க்கார் வந்துவிட்டது, நம்ம சர்க்கார் வந்துவிட்டது என்று மனு எழுதி எழுதியே திம்மராயன் செத்தான்.

ஐம்பத்தைந்தில் ஒருநாள் சர்வேயர் ஜீப்பில் வந்து நிலத்தை அளக்கச் சங்கிலி பிடித்தார்.

"இது மிலிட்டரி நிலம்மா. மூலையில கல்லே இல்லை. உன் எல்லை எதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"கல்லு என் வீட்ல இருக்குதுங்க சாமி. வந்து பாருங்க."

மாட்டுக்கொட்டகையில் மஞ்சள் பூசிய நாலு கல்லையும் பார்த்ததும் அவர் குரல் ஏறிவிட்டது. "சர்க்கார் கல்லைப் பிடுங்கினது குத்தம். கேஸ் போட்டா உள்ளே போகணும். பேசாம நிலத்தை மறந்துட்டு, கல்லை ஜீப்ல ஏத்திவிடு."

கூட நின்ற கொழுந்தன் தீர்த்தகிரி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "அண்ணி, கால்ல விழுந்துடு," என்றான்.

வெங்கடம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சாமி சாமி என்ற வாய் அன்றோடு நின்றது.

"கேஸ் போடு. எந்தக் கொல்லையிலிருந்து பிடுங்கின கல்லுன்னு எழுதணுமே, எழுது. அது யார் கொல்லைன்னும் சேர்த்து எழுது."

சர்வேயர் பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடிவிட்டார். "போனாப் போகுது போ," என்று ஜீப்பில் ஏறினார். கல்லைக்கூடக் கேட்கவில்லை. திருட்டு முழி முழித்தவன் அவன்தான், கேஸ் மட்டும் இவள்மேலாம்.

விடுவாளா? மறுநாளே நாலு கல்லையும் வண்டியில் ஏற்றி ஓசூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறக்கினாள். "சர்க்கார் கல்லு. எங்க வீட்டு ஆள் பிடுங்கினது, ஒளிச்சு வச்சது நானு. பிடிச்சு உள்ளே போடுங்க," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் விரட்டினார்கள். நாலாம் நாள் கேஸ் எழுதினார்கள். கல்லில் வெட்டியிருந்த நம்பரைத் தாலுகா ஆபீஸ் பழைய பதிவேட்டில் தேடித்தான் எழுத வேண்டியிருந்தது.

கோர்ட்டில் வாசித்தார்கள்: திம்மராயனுக்குப் பட்டாவான புஞ்சை நிலத்தின் நான்கு எல்லைக்கற்களை அகற்றி மறைத்த குற்றம். கோர்ட் கலையும்வரை நிற்கச் சொல்லித் தண்டனை. சாயங்காலம்வரை நின்றாள். பிறகு போய்த் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கினாள்.

அந்த நகலை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். ஒரு வருஷம் கழித்துப் புதுப் பட்டா வந்தது. கொடுத்த அதிகாரி, ஏதோ தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் கிடந்த கல்லை எழுதிக் கேட்டுத் திரும்ப வாங்கி வந்து, மூன்றை நட்டாள். நாலாவது மூலை பட்டாளக் கொட்டாயின் சிமெண்டுத் தரைக்குள் கிடந்தது. புருஷன் கல்லை நெம்பிய அதே கடப்பாரையால் அந்தத் தரையை உடைத்து நட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு நாலு கல்லுக்கும் மஞ்சள் பூசினாள். தன்னைக் குற்றவாளி என்ற தீர்ப்புக் காகிதத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். சர்க்கார் கொடுத்த பட்டாவுக்கு வைக்கவில்லை.