வாசல் வெளிச்சத்தில் வெள்ளைச் செவ்வந்தி

அன்று அம்மா இருந்தார், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். அக்காவைப் பெண் பார்க்கக் கண்டி டவுனிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா இல்லை, கொழும்புக் கடையில் லீவு கொடுக்கவில்லை. பேச வேண்டியவன் நான்தான்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வாசல் வழியாக மட்டுமே வரும். வந்தவர்கள் உட்கார அந்த வாசலை அடைத்தாற்போலக் கதிரை போட்டதும் நான்தான். எதிர்ச் சுவரில், கெம்பஸில் சித்திரம் படிக்கும் நான் வரைந்த படம்: ஜாம் போத்தலில் வெள்ளைச் செவ்வந்தி. பூவைப் பறித்து வைத்தவள் அக்கா. நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் நீலமும் ஊதாவும், வெயில் பட்ட இதழ்களுக்கு மஞ்சளும் தீற்றியிருந்தேன். வாசல் அடைபட்டதும் மஞ்சள் அவிந்து, நீலம் மட்டும் மிஞ்சியது.

மாப்பிள்ளையின் அம்மா தேநீரைத் தொடவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஆள் எங்க தம்பி?"

"ஆள் இல்லைங்க. பூ மட்டுந்தான்."

"அப்ப யாருக்கு வச்ச பூ? சாமிக்குமில்ல, தலைக்குமில்ல. அதுவும் வெள்ளப் பூவு, நீலம் பாரிச்சுக் கெடக்கு. பொணத்துக்கிட்ட வக்கிறதாட்டம்."

அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினார். நான் விளக்கப் பார்த்தேன். "நெழல்னா கறுப்பு இல்லைங்க. வெளிச்சம் மாற மாற வெள்ளையும்..."

"படிச்ச புள்ள சொல்றது நமக்கு எங்க வெளங்குது." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இது கண்ணுல பட்டுருச்சே. வாடா, போவோம்."

மாப்பிள்ளை எழுந்து ஒதுங்கினார். வெயில் உள்ளே விழுந்து படத்தில் ஏறியது. இதழ்களில் மஞ்சள் திரும்பி வந்தது.

"அம்மா, இப்ப பாருங்களேன். இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்கு" என்றார் தன் அம்மாவிடம்.

அவர் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. ஆனால், "வெள்ளப் பூ வெள்ளப் பூதான். அதக் கழட்டுங்க, பொறகு பேசலாம்" என்றார்.

அக்காவின் கல்யாணம் அந்த ஆணியில் தொங்கியது. நான் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்டா." அடுப்பெரியும் குசினியிலிருந்து அக்கா வெளியே வந்தாள். "அந்தப் பூவ எனக்காகத்தான் வச்சேன். நான் போற வீட்டுக்கு அதுவும் வரும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்ம வீட்டுல செவரா இல்லம்மா?" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

மாப்பிள்ளையின் அம்மா அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.

"படத்துக்குப் பரிகாரம் பண்ணிட்டுக் கொண்டு வரட்டும். செலவு பொண்ணு வீட்டோட."

சாயம், துணி, சட்டம் எல்லாம் சேர்த்துப் படத்துக்கு ஆனது நாலாயிரத்துச் சொச்சம். அது அக்காவோடு டவுனுக்குப் போவதற்கு, பூசை, தட்சணை, அன்னதானம் என்று அப்பா கொழும்பிலிருந்து அனுப்பியது முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.