கொட்டை நீக்கிய பழம்

நாய்க்குப் பழம் கொடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு துரோகி. ஆனால் அவன் சொல்லிக்கொடுத்ததில் பெரிதாக ஒரு பிசகும் இல்லை. மாம்பழம் என்றால் தோலைச் சீவி, கொட்டையை எடுத்துவிட்டு, சதையை மட்டும் சின்னத் துண்டுகளாக நறுக்க வேண்டும். பப்பாளியில் ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. சீதாப்பழத்துக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு சுளையாகப் பிதுக்கிக் கொட்டையைத் துப்புரவாக எடுக்க வேண்டும், கொட்டை விஷம். வாழைப்பழம் பாதி போதும். வாலை ஆட்டுகிறதே என்று இரக்கப்பட்டு மேலும் மேலும் கொடுத்தால் வயிற்றால் போகும். பிற்காலத்தில் தஞ்சாவூரில் குடியேறி ஒரு நாய் வளர்த்தபோது மாட்டாஸ்பத்திரி டாக்டரும் இதையேதான் சொன்னார். கூடுதலாக அவர் சொன்னது திராட்சையைப் பற்றி. ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். அவனுக்கு அது தெரியாது. எங்கள் ஊரில் அன்றைக்குத் திராட்சையை யார் கண்டார்கள், நாய்க்குப் போட?

அவன் என் தாய்மாமன் மகன். எனக்கு அத்தான் முறை. அவனுக்குத்தான் நான் என்று எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. மிராசுதார் வீட்டில் அவன் காரியம் பார்த்தான். அந்த வீட்டில் ஒரு சீமை நாய் இருந்தது. அதைப் பார்க்க டவுனிலிருந்து டாக்டர் வருவார். பழ சாஸ்திரமெல்லாம் அங்கே கற்றதுதான்.

நாங்கள் அதே மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். அப்பாவுக்கு முன்னால் அவருடைய அப்பா உழுதார். எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. உழுகிறவனைக் குத்தகைதாரன் என்று பதிவு செய்ய வேண்டுமென்று சட்டம் வந்திருந்த நேரம் அது. பதிந்துவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் பதிவதற்குள் வெளியேற்றிவிட வேண்டுமென்று மிராசுதார்கள் பறந்தார்கள். கட்சிக்காரர்கள் மேடைகளில் உழவனுக்கே நிலம் என்று முழங்கிவிட்டு, இறங்கிவந்து மிராசுதார் வீட்டில் காப்பி குடித்தார்கள். அப்பா மனுக் கொடுத்தார். இது என் சொந்தச் சாகுபடி, ஆள் வைத்து நானேதான் செய்கிறேன் என்று மிராசுதார் பதில் மனுக் கொடுத்தார். அதிகாரி வயலுக்கே வந்து விசாரிப்பார் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். நிலம் எங்களிடம் தங்குமா தங்காதா என்பது அந்த ஒரு விசாரணையில் இருந்தது.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்த சமயம், அத்தான் எங்கள் வயல் பக்கம் வர ஆரம்பித்தான். நாற்றங்கால் போட்டதிலிருந்தே அப்பா வயலில் ஒரு கொட்டாய் போட்டு நாயை அங்கேயே வைத்திருந்தார். வயலில் யார் நாய் காவல் நிற்கிறதோ அவர் சாகுபடி என்பது எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு. எங்கள் நாய் பொல்லாதது. அப்பா, அம்மா, நான் தவிர வேறு யார் வரப்பில் கால் வைத்தாலும் ஊரைக் கூட்டிவிடும். முதல் நாள் அத்தானையும் குளத்தங்கரை வரை விரட்டியது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் மாம்பழத்தோடு வந்தான். முழுப் பழத்தை அப்படியே நாய்க்குப் போடப் போனேன்.

"அடி பைத்தியமே! கொட்டை தொண்டையில அடைச்சிக்கிட்டா செத்துப்போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டான். உட்கார்ந்து, தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக எறிந்தான். சில நாளில் நாய் பக்கத்தில் வந்தது. பிறகு கையிலிருந்தே தின்றது. மாம்பழம் போய்க் கொய்யா வந்தது, சீதாப்பழம் வந்தது. சீதாப்பழக் கொட்டையை அவன் எடுக்கும் பதவிசைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு வாயில்லாச் சீவனுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவன் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வான் என்று என் புத்தி ஓடியது. பழம் நாய்க்கு, வருவது எனக்காக என்று நம்பினேன். அந்த வயதில் வேறெப்படி நினைப்பேன்?

ஒரு நாள் நானே பப்பாளி நறுக்கி நாய்க்கு வைத்தேன். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள்லாம் வெதையோட போட்டுடுவீங்க. பழம் குடுக்குறதை என்கிட்ட வுட்டுடு. நான் மட்டும் குடுக்குறேன்."

அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அவன் சொல்றபடியே வுட்டுடு" என்றாள். அதன் பிறகு எங்கள் கையிலிருந்து அந்த நாய்க்குக் கிடைத்தது பழைய சோறும் நீராகாரமும்தான்.

கதிர் முற்றித் தலை சாய்ந்த நேரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், எங்கள் பேச்சில் ஆர்.ஐ., விசாரணைக்கு வந்தார். கூட ஊர்க் கணக்குப்பிள்ளை. நல்ல வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் வந்து நின்றார்கள். யார் சாகுபடி என்று ஆர்.ஐ. கேட்டார். எல்லோரும் அதே மிராசுதாரிடம் குத்தகைக்கு இருப்பவர்கள், ஒரு வாய் திறக்கவில்லை. அப்போது அத்தான் தோளில் ஒரு துணிப்பையுடன் முன்னால் வந்தான்.

"பண்ணைக்காக நான்தாங்க சாகுபடி பாக்குறேன். கொட்டாய் நம்ம கொட்டாய். நாயும் நம்ம நாய்தாங்க."

அப்பா சிரித்துவிட்டார். உண்மையாகவே சிரித்தார். பொய் இவ்வளவு பச்சையாக இருந்ததில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஐயா, அதான் நாய் இருக்குல்ல. ரெண்டு பேரும் கூப்புடுறோம். யார்கிட்ட வருதுன்னு நீங்களே பாருங்க" என்றார்.

இதைக் கேட்க வேறு ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தன் சோற்றைத் தின்று வளர்ந்த நாய் தன்னை விட்டுக்கொடுக்காது என்று அப்பா நம்பினார். அத்தான் பழம் கொடுப்பது அவருக்கும் தெரியும். நறுக்கிப் போடும் நாலு துண்டு பழத்தை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அப்பா "தோ, தோ" என்றார். நாய் எழுந்து வாலை ஆட்டியது. அத்தான் கூப்பிடக்கூட இல்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி வரப்பில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். நாய் அப்பாவைத் தாண்டி ஓடி அவன் முன்னால் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்தது. அப்பா மறுபடி கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அது திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்தது. அவன் அதன் தலையைத் தடவினான். நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு மனுவும் தெரியாது, மிராசும் தெரியாது.

நாய் போன பக்கத்தைப் பார்த்து எந்த அதிகாரியும் உத்தரவு எழுத முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆர்.ஐ. ஒரு சாக்குக் கிடைக்காதா என்று வந்தவர். "என்னங்க, உங்க நாயே அந்தப் பக்கம் போயிடுச்சு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மிராசுதாரின் பண்ணைச் சாகுபடி என்று கணக்குப்பிள்ளையை எழுதச் சொன்னார்.

சாயங்காலம் அத்தான் எங்கள் வீட்டுக்கே வந்தான். எந்த முகத்தோடு வந்தான் என்று கேட்காதீர்கள், சாதாரண முகத்தோடுதான் வந்தான். அம்மாவைப் பார்த்துப் பேசினான்.

"அத்தை, இனிமே நிலத்தை என் பேர்ல குத்தகைக்கு வுடுறேன்னு பண்ணையில சொல்லிட்டாங்க. தையிலயே கல்யாணத்த வச்சிக்கலாம். மாமா எப்பவும் போல உழுதுகிட்டு இருக்கட்டும். வெளியாள் கைக்கா போவுது?"

"ஒன் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன். வெளியில போ" என்றேன். அவன் நகரவில்லை, அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அவசரப்படாதடி. எப்படியும் நம்மள வெரட்டத்தான் போறாங்க. நம்ம புள்ள பேர்ல இருந்தா நமக்கு ஒரு பிடிப்பு. ஒனக்கும் ஒரு வழி ஆவுது. அவன் என்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் செஞ்சான்."

அப்பா அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"நாத்து நடுறப்பவே தெரியுமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். இடுப்பு ஒடியக் குனிந்து நட்டதெல்லாம் வேறொருவனுக்கென்று தெரிந்துகொண்டே இவள் தினமும் வயலுக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள்.

அத்தானை நான் கட்டிக்கொள்ளவில்லை. அவனை வெறுப்பது சுலபமாக இருந்தது, எதிரில் வந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். அறுவடைக்கு அப்பா அந்த வயலுக்கே கூலிக்குப் போனார். அம்மாவும் நானும் ஒரே அடுப்பில் அவருக்குக் கஞ்சி காய்ச்சினோம்.