நார்த்தாமலையில் ஒரு மெக்சிகோ முகம்

மெக்சிகோவில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒல்மெக் மக்கள் ஆள் உயரக் கல் தலைகளைச் செதுக்கினார்கள். இதுவரை பதினேழு கிடைத்திருக்கின்றன. தடித்த உதடு, சப்பை மூக்கு, தலையில் கவசம் போல ஒன்று. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. ஆப்பிரிக்கா என்பார்கள் சிலர், சீனா என்பார்கள் சிலர். அங்கேயே மக்காச்சோளம் விதைத்து வளர்ந்தவர்கள்தான் என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்பது பத்து வருடமாக என் கட்சி. திருச்சியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்காத நாளில்லை.

இதைப் பற்றிய அத்தியாயத்தோடு என் புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. ஒரு படம் மட்டும் பாக்கி. நார்த்தாமலையில் அச்சு அசலாக அந்தத் தலை மாதிரியே ஒரு பாறை இருப்பதாகத் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். திங்கட்கிழமைக்குள் படம் வேண்டும் என்றார் பதிப்பாளர். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

காலை 7.10க்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். நாள் வாடகை 1,400 ரூபாய். ஓட்டுநர் சகாயராஜ், ஆவூர்க்காரர். என் கொள்கையை வழியெல்லாம் அவரிடம் கொட்டினேன். "அப்புடிங்களா டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். எட்டு மணிக்குக் குகைக்குள் ஆள் கூட்டமில்லை. கூரையில் ஓவியமாக ஒரு தாமரைக் குளம். தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோமோ என்று மயக்கம் வந்தது. அந்த மயக்கத்தில்தான் பின்னால் வந்த ஓர் அம்மாள் தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "இதெல்லாம் வெளியூர்லேர்ந்து வந்தவங்க வரைஞ்சிருப்பாங்க. இங்க உள்ளவங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, இங்க உள்ளவங்களுக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் நின்ற சகாயராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்னவாசல் தாண்டி ஓர் அய்யனார் கோயில். வெயிலில் வரிசையாக மண் குதிரைகள், எங்கோ கிளம்பப் போவது போல நின்றன. ஒரு குடும்பம் புதுக் குதிரை ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கருப்பையாவின் நேர்த்திக்கடனாம். நான் சும்மா இருப்பேனா? கைபேசியில் இருந்த ஒல்மெக் தலையைக் காட்டி, "நம்ம ஆளுங்க அங்க போய்ச் செஞ்சது" என்றேன்.

கூட நின்ற கருப்பையா உற்றுப் பார்த்தார். "அந்த ஊர்ல குதிரை இருக்காக்கா?"

"அப்போ கிடையாது. ஸ்பெயின்காரங்கதான் பின்னாடி கொண்டுவந்தாங்க."

"மண்ணுல செஞ்சு வச்சது?"

"அதுவும் இல்லை."

"அப்ப நம்ம ஆளு அங்கிட்டுப் போகலக்கா. சிங்கப்பூர்ல எடமில்லாமத்தான் நான் லீவு போட்டு இங்க வந்து குதிரை எடுக்குறேன். அங்கிட்டு அம்புட்டுக் காடு கெடக்கு, ஒரு குதிரை கூடவா நிறுத்தாம இருந்திருப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன் நம் ஊரிலேயே இந்த வழக்கம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்! அறிஞர் சபையில் இந்தக் குதிரை வாதம் எடுபடாது. ஆனாலும் மதியம் சாப்பிடும்போதும் அந்தக் குதிரைக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ நார்த்தாமலை போனோம். விஜயாலய சோழீஸ்வரத்துக்கு இருபது நிமிட ஏற்றம். கோயிலைத் தாண்டிச் சற்று நடந்ததும், 5.40க்கு அந்தப் பாறையைப் பார்த்தேன். சாய்ந்த வெயிலில் உதடு, மூக்கு, கவசம், எல்லாம் இருந்தன. அரைக்கண் மூடித் தூங்குகிறது போலிருந்தது. கைபேசியை எடுத்தேன்.

கூடவே ஏறி வந்த சகாயராஜ் மெல்லக் கேட்டார். "காலையில அந்தம்மாகிட்ட கேட்டீங்கள்ல டீச்சர், இங்க உள்ளவங்களுக்குக் கை இல்லையான்னு. அந்த மெக்சிகோக்காரங்களுக்கும் கை இருந்திருக்கும்ல?"

தூக்கிய கைபேசியைத் தாழ்த்தினேன். வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் நம் ஊர்க்காரர்களுக்குச் செய்ததைத்தான் நான் பத்து வருடமாகக் கடல் கடந்து செய்துகொண்டிருந்தேன். நின்றுகொண்டே இருந்தேன். நிழல் ஏறி முதலில் உதடு போனது, பிறகு மூக்கு.

கீழே இறங்கியதும் பதிப்பாளருக்குச் செய்தி அனுப்பினேன்: அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். "முப்பது பக்கமாச்சே!" என்று பதில் வந்தது. ஆமாம் என்றேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மலைமேல் கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். வெறுங்காலோடு ஏறாதீர்கள், மாலையிலும் பாறை சுடும். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். பாறையில் முகம் தெரிய வேண்டுமானால் 5.40க்கு அங்கே இருங்கள். இந்தப் பதிவின் தலைப்பில் போட்டிருக்கும் படம் 5.52க்கு எடுத்தது. அது வெறும் பாறை.