மாமனாரின் திருவிழாவும் வெனிஸ்காரரின் கண்ணாடியும்

லண்டனில் என்னைச் சோடனைக்காரன் என்று தெரியாத யாழ்ப்பாணத்தவர் அந்த நாளில் குறைவு. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு? கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு எதுவென்றாலும் மின்குமிழ் மாலை கட்டி, ஓடி ஓடி எரிகிற வளைவு போட்டு, வாசலில் மயில் தோகை விரிக்கிற மாதிரி விளக்கு வைத்துக் கொடுப்பேன். ஊரில் மீசை முளைக்க முன்னரே பழகிய வேலை. ஒரு திருவிழாவை மேளத்தை வைத்து மதிப்பவர்கள் உண்டு, சோற்றை வைத்து மதிப்பவர்களும் உண்டு. நான் குமிழை வைத்து மதிக்கிற கட்சி.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருந்த அந்தப் பெரிய கட்டடத்தில் என் தொழில் என்ன என்று கேட்டார்கள். மொழிபெயர்க்க வந்தவர் யோசித்துவிட்டு ‘டெக்கரேட்டர்’ என்று சொல்லிவைத்தார். இங்கே அது வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அந்தப் பட்டத்தோடு வேலை தேடியதால், கண்காட்சிக் கூடங்கள் அமைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலைதான் முதலில் கிடைத்தது. மின்சார வேலைக்காரன் ஒரு நாள் வராமல் விட, நான் ஏணியில் ஏறி அவனுடைய வேலையையும் முடித்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு யாரும் என் கையில் பெயின்ட் வாளியைத் தரவில்லை. பின்னேர வகுப்புக்குப் போய் அதற்கான சான்றிதழும் எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகள் முடிகிற காலத்தில் எங்கள் கம்பனிக்கு மத்திய லண்டனில் ஒரு இத்தாலியக் கண்ணாடிக் கண்காட்சியின் வேலை வந்தது. வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் முரானோ என்று ஒரு தீவு. கண்ணாடி ஊதுவதுதான் அந்தத் தீவின் பிழைப்பு. அங்கேயிருந்து வந்த சாமான்களை இரண்டு அறைகளில் வைக்கவேண்டும், விளக்குகள் முழுவதும் என் பொறுப்பு.

முதல் அறை பழைய முரானோ. அட, என்ன வேலை அது! கண்ணாடியிலேயே பூ, கண்ணாடியிலேயே இலை, கிண்ணத்தின் காலைச் சுற்றிப் பாம்பு, பாம்பின் வாயில் பொன் துகள். கூரையில் தொங்கிய விளக்குக்கொத்தை எங்கள் ஊர்த் தேர்முட்டியில் கட்டினால் அயலூர்ச் சனமெல்லாம் வந்து குவியும். இதல்லவோ சோடனை என்று எனக்கு மனம் குளிர்ந்தது.

இரண்டாவது அறைக்குப் போனால் ஒன்றுமில்லை. தடித்த கண்ணாடியில் மொட்டையாகச் சில சாடிகள், சில கிண்ணங்கள். பூ இல்லை, பாம்பு இல்லை, பொன்னைக் கூடக் கண்ணாடிக்குள்ளே புதைத்து வைத்திருந்தார்கள். ஊறுகாய் போட்டு வைக்கிற சாடிகளுக்கு யார் இவ்வளவு தூரம் காப்புறுதி கட்டிக் கொண்டுவந்தது என்று எரிச்சல் வந்தது. அந்தக் கண்காட்சியை ஒழுங்கு செய்த இத்தாலியப் பெண்மணியிடம் அதைக் கேட்டும்விட்டேன். என் வாய் அப்படி.

அவருக்கு அறுபது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். சிரித்துவிட்டு, அவசரமில்லாத ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அறை முழுவதும் வெனிஸ்காரர் ஒருவரின் நிழல். அவர் கட்டடக் கலைஞர், கண்ணாடி ஊதத் தெரியாதவர். இளம் வயதில் முரானோவில் ஒரு சூளைக்குப் போய், ஊதுகிற மேஸ்திரிமாருக்குப் பக்கத்தில் பென்சிலோடு வருடக்கணக்காக நின்றிருக்கிறார். இரண்டாயிரம் வருடம் பழைய ரோமக் கண்ணாடியைப் பார்த்து, இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்பாராம். அவர்கள் செய்து பார்ப்பார்கள், பிழையாய்ப் போகும், திரும்பவும் செய்வார்கள். கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி வந்தால் மேஸ்திரிமாருக்கு அது பழுது. இவர் அந்தக் குமிழியையே வேண்டுமென்று கேட்டு வாங்கினார். ஒரு நிறத்துக்குமேல் இன்னொரு நிறத்தைத் தோய்த்துத் தடிக்க வைத்தார். பளபளப்பான மேல்பரப்பைச் சாணைக்கல்லில் கொடுத்துச் சின்னச் சின்னக் குழிகளாகக் கொத்தவைத்தார். பூவையும் பாம்பையும் தூக்கி எறிந்தார். அவருக்குப் பிறகு மற்றச் சூளைகளும் கட்டடக் கலைஞர்களையும் ஓவியர்களையும் கூப்பிடத் தொடங்கின.

“அவரோடு சண்டை பிடித்தவர்கள் செய்த கண்ணாடியும் இந்த அறையில் இருக்கிறது, அவற்றிலும் அவர்தான் இருக்கிறார்” என்றார் அந்தப் பெண்மணி. அவர் அந்த வெனிஸ்காரரின் மாணவர் ஒருவரிடம் படித்தவராம்.

தகப்பன் பாட்டன் செய்த பூவை எறிந்த ஆளுக்கு இவ்வளவு புகழா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பெரிய மனிதர் என்கிறார்களே, மரியாதை செய்யாமல் விடலாமா? ஒவ்வொரு சாடிக்கும் மேலே, கீழே, இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் விளக்கு வைத்துத் தள்ளினேன். எங்கள் ஆட்களுக்கு மரியாதை என்றால் வெளிச்சம், கூடுதல் மரியாதை என்றால் கூடுதல் வெளிச்சம். வேலை முடிந்தபோது அறை கலியாண மண்டபம் மாதிரி ஜெகஜோதியாக நின்றது.

அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்மணி வந்து பார்த்தார். நடுவில் இருந்த பச்சைச் சாடிக்கு மேலே கையைக் காட்டினார், அதை அணை. அணைத்தேன். அடுத்ததையும் அணை. ஏணியில் ஏறி இறங்கி எனக்குக் கால் கடுத்தது. மரியாதை தெரியாத மனுசி என்று தமிழில் வாய்விட்டுத் திட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததைக் காட்டினார். கடைசியில் ஒரே ஒரு விளக்கு மிஞ்சியது, பக்கவாட்டில், தாழ்வாக. பின்னால் இருந்த வெள்ளைச் சுவருக்குக் கறுப்புத் துணி போடச் சொன்னார். போட்டேன். “பஸ்தா” என்றார். அதற்குக் ‘காணும்’ என்று அர்த்தம் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, நாள் முழுக்க அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தேன். அத்தனை விளக்குக்கும் நடுவில் புதுச் சட்டி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்த சாடி அது. இப்போது வெளிச்சம் அதன் தடிப்புக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. பச்சைக்குள் இன்னொரு பச்சை, அதற்குள் பொடிப் பொடியாகக் குமிழிகள், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு துளி வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. பக்கத்தில் இருந்த கொத்திய கிண்ணம் கன்னார் சுத்தியலால் அடித்த செம்பு மாதிரித் தெரிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த மனிதர் ஒரு குமிழும் கட்டாமல், வயரும் இழுக்காமல், கண்ணாடிக்குள்ளேயே சோடனை செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே!

திறப்பு நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். முதல் அறையில் சனம் சத்தமாகக் கதைத்தது. இரண்டாவது அறையின் வாசலைத் தாண்டியதும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டது. அந்த அறையின் விளக்குகளைப் போட்டவன் நான் என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தவேண்டும்போல் இருந்தது.

அந்த வருடக் கோடையில்தான் என் மாமனாரின் திருவிழா வந்தது. தென் லண்டனில் எங்கள் ஆட்கள் ஒரு பழைய மண்டபத்தை வாங்கி அம்மன் கோயிலாக்கியிருந்தார்கள். முதல் திருவிழா, ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். என் மனைவி தன் தகப்பன் பெயரில் ஒரு நாளை எடுத்திருந்தாள். ஊரில் அவர் செய்த திருவிழா பேர்போனது. கோபுர உயரத்துக்குச் சோடனை, அதற்கென்று தனி ஜெனரேட்டர். அவர் செத்தபோது நாட்டில் சண்டை நடந்தது, பாதையெல்லாம் பூட்டு. செய்தி எங்களுக்கு வந்து சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

“அப்பான்ர முகத்தைக்கூட நான் கடைசியாப் பாக்கேல்லை. இது ஒண்டாவது அவற்ற பேரில வடிவா நடக்கோணும்” என்றாள். “லண்டன் சனம் வாயைப் பிளக்கோணும், சொல்லிப்போட்டன்.”

நான் என் யோசனையைச் சொன்னேன். அம்மன் சுற்றி வருகிற உள்வீதியின் நாலு மூலைக்கும் ஒவ்வொரு விளக்கு, தாழ்வாக, பக்கவாட்டில். வேறொன்றும் வேண்டாம்.

“விசரே உங்களுக்கு?” அவள் அகப்பையோடு குசினியிலிருந்து வந்துவிட்டாள். “ஊரெல்லாம் மயிலும் வளைவும் கட்டிக் குடுப்பியள், என்ர அப்பாவுக்கு மட்டும் நாலு லைட்டோ? மருமோன் கரண்ட் பில்லுக்குப் பயந்திட்டான் எண்டல்லோ சனம் சொல்லும்!”

“நீர் ஒருக்கா வந்து அந்தக் கண்ணாடியைப் பாரும். பிறகு என்னைப் பேசும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூயிஷாமில் ரயில் ஏறிப் போனோம். முதல் அறையில் அவள் முகம் மலர்ந்தது. “அப்பா இருந்தா இதைத்தான் விரும்பியிருப்பார்” என்றாள். அது உண்மை. இரண்டாவது அறையில் பச்சைச் சாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“வடிவுதான்” என்றாள் கடைசியில். “ஆனா இது சாடி. அம்மாளும் சாடியும் ஒண்டே?”

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். என் நாலு விளக்குக்கு ஒரு சுவிட்ச். வளைவு, மயில், மாலை என்று மாமனாரின் சோடனை முழுவதையும் அவள் சொல்கிறபடி கட்டி, அதற்கு இன்னொரு சுவிட்ச். அந்த இரண்டாவது சுவிட்ச் அவள் கையில் இருக்கும். பொறுக்க முடியாவிட்டால் அவள் போடலாம், நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

லண்டன் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் எறிக்கும், சோடனைக்காரனுக்கு அதைவிட எதிரி கிடையாது. எங்கள் உபய நாளன்று காலை, மண்டபத்தின் உயரமான ஜன்னல்களுக்குக் கண்காட்சியில் மிஞ்சிய கறுப்புத் துணியைக் கொண்டுபோய்க் கட்டத் தொடங்கினேன். கோயில் தலைவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“சிவசிவா! அம்மாள் வெளிக்கிடுற நாளில கறுப்புச் சீலையோ? கழட்டும் தம்பி, கழட்டும்!”

எனக்கு அது உறைக்கவேயில்லை, கண்ணாடி நினைப்பில் என் மூளை மங்கிப்போயிருந்தது. ஜன்னலை மூடாவிட்டால் என் விளக்கு எடுபடாது. காப்பாற்றியது என் மனைவிதான். தன் கலியாணத்து அரக்குக் கூறைச் சேலையை எடுத்தாள், இல்ஃபோர்ட்டில் இருக்கிற தன் சித்திமாருக்கு டெலிபோன் எடுத்தாள். பின்னேரத்துக்குள் ஒரு கார் நிறைய அரக்குப் பட்டுச் சேலைகள் வந்து இறங்கின. மடித்து மடித்து ஜன்னல்களில் தொங்கவிட்டோம். முழு இருட்டு வரவில்லை. அரக்கு நிறம் தோய்ந்த ஒரு மங்கல்தான் வந்தது. அது அந்தச் சாடியின் உள்ளே இருக்கிற மாதிரி இருந்தது என்று நான் சொல்ல, “சும்மா இருங்கோ” என்று அதட்டினாள்.

பூசை முடிந்தது. நான் டியூப் லைட்டுகளை அணைத்து என் நாலு விளக்கையும் போட்டேன். “என்ன, ஃபியூஸ் போயிட்டுதோ?” என்று யாரோ கேட்டார்கள். “சோடனைக்காரன்ர வீட்டுத் திருவிழாவில சோடனையைக் காணேல்லை” என்று இன்னொரு குரல், அதற்குச் சிரிப்பு. அவள் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். கை சுவிட்சின் மேலே இருந்தது. சுவிட்சைப் போட்டுவிடும் என்று அவளிடம் எனக்கே சொல்லவேண்டும்போல் வந்துவிட்டது.

அம்மன் ஆட்களின் தோளில் ஏறி முதல் மூலைக்கு வந்தாள். மங்கலுக்குள்ளிருந்து முதலில் மூக்குத்தி வந்தது, பிறகு கன்னம், பிறகு முழு முகமும். சுற்றிவரப் பூவும் நகையும் தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. அடுத்த மூலைக்கு நடுவில் திரும்பவும் மங்கலுக்குள் போனாள், திரும்பவும் வந்தாள். கதைத்துக்கொண்டிருந்த சனம் குரலைத் தாழ்த்தியது. மூன்றாவது மூலையில் மேளகாரர்கூடக் கையை இளக்கி வாசித்தார். யாரும் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பெருமையில்தான்.

அம்மன் இருப்பிடம் திரும்பியதும் தலைவர் என்னிடம் வந்தார். “தம்பி, இந்த நாலு லைட்டையும் கழட்டிப்போடாதையும். மிச்சத் திருவிழாவுக்கும் இருக்கட்டும்” என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைத் தேடினேன். அவள் இன்னமும் பலகையடியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சை அழுத்தினாள்.

மண்டபம் முழுக்கக் குமிழ்கள் ஓடின. வளைவு சிவப்பும் பச்சையுமாக எரிந்தது, மயில் தோகையை விரித்து மடக்கி விரித்தது. பிள்ளைகள் கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை, நான் மாமனாரின் நாளைப் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். கிட்டப் போனேன். அவள் அண்ணாந்து அந்த வளைவைப் பார்த்தபடி சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தாள்.

மயில் இன்னும் சில தரம் ஆடியது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தானே சுவிட்சை அணைத்தாள்.

“காணும்” என்றாள். “அப்பா பாத்திட்டார். இனி உங்கட லைட் மட்டும் எரியட்டும்.”