பழைய லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி

வேலை போன செய்தியை நான் மனைவியிடம் சொல்லவில்லை. ஜெர்மனியில், வால்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடம் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடிதத்தைக் கையில் கொடுத்து, அலுவலக லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறு போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கள் காலை வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி நகர நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

பையில் இருந்தது கல்லூரி முடித்த வருடம் வாங்கிய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். திறந்து வர பத்து நிமிடம் ஆகும். முதல் நேர்காணலில் நான் பாதி வாக்கியத்தில் இருந்தபோது திரை உறைந்தது. எதிர்முனையில் இருந்தவர் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் பேசலாம் என்றார். அந்த நாள் வரவில்லை.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி போட்டால் இந்த லேப்டாப் இன்னும் சில வருடம் ஓடும். அது சரியான முடிவுதான். ஆனால் எதை வாங்குவது என்று பத்து நாள் படித்தேன். அரை டெராபைட் போதுமா, எது சூடாகும், எது எத்தனை வருடம் உழைக்கும் என்று விமர்சனம் விமர்சனமாகப் புரட்டி ஒரு பெரிய அட்டவணை போட்டேன். விண்ணப்பம் எழுதுவதைவிட அது சுலபமாக இருந்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாரும் என்னை நிராகரிக்கப் போவதில்லை.

அந்த நாட்களில்தான் மனைவி பேக்கரி வேலையை விடப்போவதாகச் சொன்னாள். திருச்சியில் மருந்தாளுநராக இருந்தவள். இங்கே அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்க ஜெர்மன் தேர்வு எழுத வேண்டும்; பக்கத்து நகரமான மன்ஹைமில் முழுநேர வகுப்பில் இடம் கிடைத்திருந்தது.

"உங்க சம்பளத்துல ஒரு வருஷம் சமாளிச்சிடலாம்ல?" என்று கேட்டாள்.

"சமாளிச்சிடலாம்" என்றேன்.

ராஜினாமா கடிதத்தை அவளே ஜெர்மனில் எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். பேக்கரியில் உடனே விடுவித்துவிட்டார்கள்; அடுத்த வாரமே அவள் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

எஸ்எஸ்டி தபாலில் வந்தது. விரல் நீளத்தில் மெல்லிய பட்டை. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் அதைச் செருக இடமே இல்லை. பத்து நாள் படித்தவன் அதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். மகளின் பள்ளி வேலைக்காகச் சரிசெய்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மன்ஹைம் ரயில் நிலையத்துக்கு அருகே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்தும் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு.

"இது பழைய மொடல், தம்பி. நீங்கள் வாங்கினது இதில போட ஏலாது. தட்டையான பெட்டி மாதிரி வாறதைத்தான் போடலாம். என்னட்ட இருக்கு, விட்டிட்டுப் போங்கோ. உள்ளதெல்லாத்தையும் அதுக்கு மாத்தி வைக்கிறன்" என்றார்.

புதிதாகவே ஒன்று வாங்கலாமே என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அவர் தேநீர் கொடுத்தார். மனதில் இருந்த பாரம் குறைந்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்தும் மனைவியிடம் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு முடிந்து வரும் வழியில் அவளே லேப்டாப்பை வாங்கி வந்தாள். எனக்கு ஒரு நடை மிச்சமாகட்டும் என்று நினைத்திருக்கிறாள். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அதை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உங்கள் கணவருக்கு வேலை ஏதும் சரிவந்ததா என்று கடைக்காரர் அக்கறையோடு விசாரித்திருக்கிறார்.

நான் என்னென்னவோ விளக்கத் தொடங்கினேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் லெட்டர்ல தப்பு திருத்திக் குடுத்தீங்களே, அப்ப உங்களுக்கு வேலை இருந்துச்சா?"

"இல்ல."

அவள் எழுந்து மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போனாள். மறுநாள் பேக்கரியில் கேட்டுப் பார்த்தாள். அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். வகுப்பையும் அந்த மாதக் கடைசியில் நிறுத்தினாள்.

லேப்டாப் நன்றாகவே ஓடியது. திறந்தால் சில நொடிகளில் தயாராகிவிடும். அதில் நாளுக்கு நான்கைந்து விண்ணப்பங்கள் அனுப்பினேன். வேறு வேலை தேட விசாவில் தந்திருந்த கெடு முடிவதற்குச் சற்று முன்பு, தொலைவில் இருக்கும் டுசல்டோர்ஃபில் முன்பைவிடச் சிறிய வேலை ஒன்று கிடைத்தது. அங்கே வீடு பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டேன். உங்களுக்கு மட்டும் பாருங்கள் என்றாள். பள்ளி ஆண்டு முடிந்ததும் மகளோடு திருச்சிக்குப் போனாள். அங்கே ஒரு மருந்துக்கடையில் சேர்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். மகளின் பள்ளி, காய்ச்சல், பல் விழுந்தது என்று எல்லாம் சொல்வாள். என் வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் அவள் கேட்பதில்லை. கேட்டாலும் என் பதிலை நம்ப வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.