தாரில் தொலைந்த எல்லை

தேநீர் வடித்த சக்கையை இராசமலர் குப்பையில் கொட்டுவதில்லை. வடியோடு தெருவைக் கடந்து, படைமுகாம் வாசலில் நிற்கும் நீலப் பலகையின் காலடியில் தட்டிவிட்டு வருகிறார். காவலுக்கு நிற்பவன் முறைப்பான். "பூமரத்துக்குப் பசளை, தம்பி" என்பார். அங்கே பூமரம் எதுவும் இல்லை.

அறுபத்தெட்டு வயது. தெல்லிப்பழையில் வாடகை வீடு. விடியற்காலை பஸ்ஸில் வந்து, முகாமுக்கு எதிரே, படகு கட்டும் துறையின் வாசலில் பால் விடாத பிளேன்ரீயும் உழுந்து வடையும் விற்கிறார். வடை கல்லாக இருக்கும். குறை சொன்னால், "பல்லில்லாத ஆக்களுக்கு நான் கடை போடேல்லை" என்று பதில் வரும். அதைக் கேட்பதற்காகவே துறையில் வேலை செய்யும் நாங்கள் தினமும் குறை சொல்கிறோம்.

அந்தப் பலகையில், முகாமுக்குள் இருக்கும் பழைய விமானத்தளத்தின் வரலாறு எழுதியிருக்கிறது. உலகப்போர்க் காலத்தில், துறைக்கு வரும் கப்பல்களைக் காக்க வெள்ளைக்காரக் கடற்படை இங்கே ஓடுபாதை போட்டதாம். அதுவரை இது ஆளில்லாத பற்றைக்காடாம். வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பற்றைக்காட்டில்தான் இராசமலரின் பாட்டனார் வெங்காயம் வைத்தார். வெள்ளைக்காரன் போன பிறகு சனங்கள் திரும்பி வந்து, தார் படாத மண்ணையெல்லாம் மறுபடி கொத்தினார்கள். தாரில் மிளகாய் காயப்போட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் படையினர் மறுபடி எல்லோரையும் கிளப்பினார்கள். ஓடுபாதையை நீட்டி வீட்டையும் கிணற்றையும் மூடினார்கள். இன்று அங்கே விமானம் இறங்குவதில்லை. மாடுகள் படுத்திருக்கின்றன. காணியை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

"ஒரு பிளேன் வந்து இறங்கினாலும் மனம் ஆறும். மாடு படுக்கிறதுக்கோ என்ரை வீட்டை இடிச்சவை?" என்பார் இராசமலர்.

இராசமலருக்குப் பக்கத்துக் காணிக்காரர் பஞ்சலிங்கத்தின் மேலும் தீராத கோபம் உண்டு. வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை இராசமலரின் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டாராம். எல்லை வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஊரே ஓடியது. காணியும் போனது, வேலியும் போனது, வழக்குப் பேசிய சட்டத்தரணியும் செத்துப்போனார். கோபம் மட்டும் போகவில்லை. இடம்பெயர்ந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படுத்த காலத்திலும் இருவரும் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

போன மாதம் இந்த இரண்டு காணிகளையும் அளந்து விடுவிக்கப் போவதாக அதிகாரி ஒருவர் வந்தார். இராசமலரோடும் பஞ்சலிங்கத்தோடும் நானும் கூடப் போனேன். முகாம் கேற் திறந்தது. எல்லை எங்கே என்று அதிகாரி கேட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் தார்தான்.

"இஞ்சை" என்று இராசமலர் காலால் தட்டினார்.

"உது பிழை. இஞ்சாலை" என்று பஞ்சலிங்கம் பொல்லை ஊன்றினார்.

"தம்பி, களவாப் பிடிச்ச முழத்தை உவர் இன்னும் விடேல்லையோ எண்டு கேளுங்கோ!"

"என்ரை அப்பு நட்ட வேலி அது. ஒரு சாணும் விடமாட்டன்!"

கத்தக் கத்த அதிகாரியின் முகம் தெளிந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். "ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டு வாங்கோ" என்று அளவுநாடாவைச் சுருட்டினார். எல்லோரும் வெளியே வந்ததும் கேற்றைப் பூட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு, திருப்பிக் கொடுக்காமல் இருக்க ஒரு முழம் நல்ல சாட்டாகிவிட்டது. அதை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்ததும் நாங்கள்தான். நினைக்க நினைக்க இன்னும் பற்றி எரிகிறது.

இராசமலர் பூட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு கேற்றைப் பிடித்து உலுக்கினார்.

"அந்த முழம் உவருக்கே! உவற்றை பேரிலையே எழுதுங்கோ! எனக்கு வேண்டாம்! கேற்றைத் திறவுங்கோ!"

அதிகாரி அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். "அடுத்த வருசம் பாப்பம், அம்மா."

இராசமலர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜீப்புக்கு முன்னால் நடுத்தெருவில் குந்தினார். சாரதி விடாமல் ஹோர்ன் அடித்தார். பஞ்சலிங்கம் பொல்லை ஊன்றி ஊன்றி வந்து பக்கத்தில் நின்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே, இராசமலர் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.