கனகராஜ் வீட்டுக் கருவேப்பிலை மூலை

கனகராஜ் என் சின்னம்மாவின் மூன்றாவது மகன். அவன் மனைவி தாமரை என் கொழுந்தனாரின் மகள். அதனால் இந்த வீட்டு விஷயத்தில் இரண்டு பக்கமும் பேச எனக்கு உரிமை உண்டு.

தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் வடிகால் வெட்டியவன் கனகராஜ். சரிவில் எங்கேயாவது தண்ணீர் தேங்கினால் கங்காணியையே திட்டுவான். ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேமநிதி முழுவதையும் போட்டு மலையிலேயே ரிங்லெட் ஊர்ப் பக்கம் வீடு கட்டினான். அது போனால் போக வேறு இடமில்லை.

பின்மூலையில், சுவரை ஒட்டி ஒரு கருவேப்பிலைக் கன்று நட்டான். எங்கள் குளிரில் அது பிழைப்பதே பெரிய காரியம். இவனோ குளியலறை வெந்நீரையும் கூரைத் தண்ணீரையும் அதன் காலடிக்கே திருப்பிவிட்டான். செடி ஆள் உயரம் தாண்டியது. மலையின் மறுகோடி கம்போங் ராஜாவிலிருந்துகூட சொந்தக்காரர்கள் இலை கேட்டு வந்தார்கள்.

நாலாம் வருஷம் குளியலறைக் கதவு இறுகிக்கொண்டது. இழைத்தான். மூன்று மாதத்தில் மறுபடி இறுகியது, மறுபடி இழைத்தான். கடைசியில் தாழ்ப்பாள் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று குளிக்கும்போதெல்லாம் சத்தமாகப் பாட ஆரம்பித்தான். பிறகு சுவரில் படிக்கட்டுபோல் ஒரு விரிசல் ஏறியது. அதன்மேல் முருகன் படத்தை மாட்டினான். விரிசல் முருகனையும் தாண்டியதும், பெரிய காலண்டர்.

"பெரியம்மா, வெங்காயம் கீழ விழுந்தா பின்மூலைக்கே உருண்டு போகுது," என்று தாமரை என்னிடம் முறையிட்டாள். "கேட்டா, புது வீடு கொஞ்சம் உக்காரத்தான் செய்யும்ங்கறாரு. உக்காரல பெரியம்மா, படுக்கப் போகுது!"

தானா ராத்தா டவுனிலிருந்து கொத்தனார் புனிதனை நானே வரவழைத்தேன். காலண்டரைத் தூக்கினான், விரிசலுக்குள் விரல் போனது. வெளியே வந்து செடியடியில் ஒரு கம்பியைக் குத்தினான். களியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"அண்ணே, அஸ்திவாரத்துக்கு அடியில மண்ணு இல்ல, கஞ்சிதான் இருக்கு. இங்க தண்ணி விட்டது யாரு?"

எல்லோரும் கனகராஜைப் பார்த்தோம். அவன் செடியைப் பார்த்தான்.

"தோட்டத்துக்கே தண்ணிக்கு வழி காட்டுன மனுஷன்!" தாமரை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது தேயிலை லா. இது கருவேப்பிலை."

"வீடு வேணுமா, செடி வேணுமா? இப்பவே சொல்லுங்க."

மறுநாள் காலை போனால், செடி ஒரு நீல டிரம்மில் நிற்கிறது. கூரைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் சாலையோரம் போய்ச்சேர நூல் பிடித்ததுபோல் ஒரு வடிகால். விடியலிலிருந்து வெட்டியிருக்கிறான். சுவர் சரிந்துவிடும் என்று புனிதன் மூலைக்கு அடியில் ஒரேயடியாகத் தோண்டாமல், இரண்டிரண்டு அடியாகத் தோண்டி கான்கிரீட் நிரப்பினான். விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதிவிட்டுப் போனான்.

மழை மாதம் இரண்டும் கனகராஜ் காலையும் மாலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தான். விரிசல் அதைத் தாண்டவில்லை. அப்புறம்தான் கதவுக்குப் புதுச் சட்டம் போட்டார்கள்.

இப்போது தாழ்ப்பாள் சரியாக விழுகிறது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை.

"கதவுதான் மூடுதே, இன்னும் எதுக்குப் பாட்டு?" என்று தாமரை வெளியிலிருந்து கத்தினாள்.

"செடி மூணு இலையோட நிக்குது. வெந்நீரத்தான் நிறுத்திட்டீங்க, பாட்டாவது அதுக்குப் போகட்டுமே லா!"